மருந்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறீர்களா? முதலில் அந்தப் படிவத்தைக் கேளுங்கள்

2013 ஒக்டோபரில், இங்கே இங்கிலாந்தில், எனக்குத் தைரோயிட் குறைவு என்று ஜீபி சர்ஜரியில், அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக்கில், சொன்னார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு லெவோதைரொக்சின் குளிசை, வாழ்நாள் முழுக்க. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு பார்மசிக்குப் போய் 7.85 பவுண் கட்டினேன். அடுத்த மாதமும் கட்டினேன். இடையில் இரும்புச் சத்துக் குளிசை வந்தது, விற்றமின் டி வந்தது, அவற்றுக்கும் கட்டினேன். எல்லாரும்தானே கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, வழக்கமான பார்மசிஸ்ட் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த பெண் என் துண்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிசை எடுக்கிற நீங்கள் ஏன் காசு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவர்தான் மருந்தை இலவசமாக எடுக்க விண்ணப்பிக்கும் எஃப்பி 92ஏ என்ற படிவத்தின் பெயரை எழுதித் தந்தார். அதற்குள் அந்த ஒரு குளிசைக்கு மட்டும் 300 பவுணுக்கு மேல் கட்டியிருந்தேன். அதில் எதுவும் திரும்பி வரவில்லை. டொக்டர் சொல்லவில்லை, ரிசெப்ஷனில் சொல்லவில்லை, பார்மசியிலும் அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க ஒரு விஷயம் இருக்கிறது என்றே தெரியாததால்.

இப்போது நான் கிழக்கு லண்டனில் ஒரு பார்மசி கவுண்டரில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கிழமையும் அன்றைய என்னைப் போல் யாராவது ஒருவர் வந்து நிற்கிறார். அவர்களுக்கு அவசரமாக நின்றபடி சொல்வதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது இங்கிலாந்துக்கு மட்டுமான விஷயம். வேல்ஸில் 2007 ஏப்ரலில் இருந்து, வட அயர்லாந்தில் 2010 இல் இருந்து, ஸ்கொட்லாந்தில் 2011 இல் இருந்து எல்லாருக்கும் மருந்து இலவசம். கார்டிஃபில் இருக்கும் சகோதரி "நான் ஒருநாளும் கட்டினதில்லையே" என்று சொன்னால் அவர் சொல்வது அங்கே சரி. அதை நம்பி இங்கே துண்டின் பின்பக்கத்தில் பிழையான பெட்டியில் சரி போட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண். ஒரு துண்டுக்கு என்று கன பேர் நினைக்கிறார்கள். துண்டில் மூன்று மருந்து இருந்தால் மூன்று தரம் கட்ட வேண்டும், 29.70. அதே மருந்தை டொக்டர் ஒரு மாதத்துக்கு எழுதினாலும் இரண்டு மாதத்துக்கு எழுதினாலும் அதே 9.90தான். ஆகவே கட்டுகிறவராக இருந்தால், இரண்டு மாதத்துக்குச் சேர்த்து எழுத முடியுமா என்று டொக்டரிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சில மருந்துகளுக்கு மறுப்பார்கள், நிலையாகப் போய்க்கொண்டிருக்கும் மருந்துக்குச் சில டொக்டர்கள் சம்மதிப்பார்கள்.

எந்த வருத்தங்களுக்கு இலவசம்

ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் வருத்தம் அதில் இருந்தால், மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் சேர்ட்டிபிக்கேட் என்ற அட்டை கிடைக்கும். நாங்கள் கவுண்டரில் மெடெக்ஸ் என்று சுருக்கிச் சொல்வோம். அது கிடைத்துவிட்டால் அந்த வருத்தத்துக்கான மருந்து மட்டுமல்ல, டொக்டர் எழுதும் எல்லா மருந்துமே இலவசம். தைரோயிட்டுக்காக அட்டை எடுத்த எனக்கு, நெஞ்சுச் சளிக்கு எழுதும் அன்டிபயோட்டிக்கும் இலவசம்தான்.

எங்கள் ஆட்களில் அதிகம் பேருக்குப் பொருந்துவது இரண்டு: சீனி வருத்தமும் தைரோயிட்டும். அவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், குழப்பமும் அங்கேதான் அதிகம்.

சீனி வருத்தம் இருந்து, அதற்கு மருந்து எடுத்தால் இலவசம். மெட்ஃபோமின் குளிசையோ இன்சுலின் ஊசியோ எதுவாக இருந்தாலும் சரி. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் சீனியை வைத்திருந்தால் இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் சீனி இருக்கும். அக்கா குளிசை எடுப்பார், அவருக்கு அட்டை உண்டு. தங்கச்சி சோற்றைக் குறைத்து, நடந்து, குளிசை இல்லாமல் சமாளிப்பார், அவருக்கு அட்டை இல்லை. கஷ்டப்பட்டுக் கட்டுப்படுத்துகிறவருக்கு இல்லையா என்று கேட்பார்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எல்லைக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களும் இதில் சேரமாட்டார்கள். சினைப்பை நீர்க்கட்டிக்காக மெட்ஃபோமின் எடுக்கும் இளம் பெண்கள் சிலர் வருகிறார்கள். குளிசை ஒன்றுதான், ஆனால் வருத்தத்தின் பெயர் சீனி அல்ல. ஆகவே அவர்களுக்கும் இது இல்லை. வருத்தத்தின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்கு மருந்தும் எடுக்க வேண்டும்.

தைரோயிட்டில், சுரப்பி குறைவாக வேலை செய்து, அதற்கு ஈடாக லெவோதைரொக்சின் எடுப்பவர்களுக்கு இலவசம். சுரப்பி கூடுதலாக வேலை செய்து கார்பிமசோல் எடுப்பவர்களுக்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூடுதலாக வேலை செய்த சுரப்பியை சத்திர சிகிச்சையால் அகற்றிய பிறகோ, கதிர் அயடீன் மருந்து கொடுத்த பிறகோ, அது குறைந்துபோய் லெவோதைரொக்சின் தொடங்குவார்கள். அந்த நாளில் இருந்து உங்களுக்குத் தகுதி வந்துவிடும். இந்த மாற்றத்தை யாரும் மணி அடித்துச் சொல்லமாட்டார்கள். குளிசையின் பெயர் மாறும் நாளில் நீங்களே படிவத்தைக் கேளுங்கள்.

வலிப்பு இருந்து, தொடர்ந்து வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு உண்டு. அதே வகை மருந்தை நரம்பு வலிக்காக எடுத்தால் இல்லை.

புற்றுநோய் 2009 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. சிகிச்சை நடக்கும்போது மட்டும் என்று நினைத்துக் கன பேர் விட்டுவிடுகிறார்கள். விதி அதைவிட விரிந்தது. புற்றுநோய்க்கான சிகிச்சை, புற்றுநோயால் வந்த பாதிப்புக்கான சிகிச்சை, சிகிச்சையால் வந்த பாதிப்புக்கான சிகிச்சை, மூன்றுமே சேரும். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திர சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து, வருடக்கணக்கில் தமொக்சிஃபென் எடுக்கும் ஒருவர் "எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது தங்கச்சி" என்று சொல்லிக் காசை நீட்டுவார். முடியவில்லை அம்மா, அந்தக் குளிசையும் சிகிச்சைதான். புற்றுநோய்க்குப் படிவத்தை ஜீபி சர்ஜரியிலும் கேட்கலாம், ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்கும் கிளினிக்கிலும் கேட்கலாம்.

மற்றவை குறைவான பேருக்கு வருபவை, ஆனால் வந்தவர்களுக்கு முக்கியம். அடிசன் நோய் போன்ற அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டுக்கு ஈடு மருந்து எடுப்பவர்கள். பிற்றியூட்டரி சுரப்பிக் குறைபாடு, அதோடு சேர்த்துச் சொல்லப்படும் டயபிடிஸ் இன்சிபிடஸ். பெயரில் டயபிடிஸ் இருந்தாலும் சீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாராதைரோயிட் சுரப்பிக் குறைபாடு. தசைகள் சோர்ந்துபோகும் மையஸ்தீனியா கிராவிஸ். கொலொஸ்டமி, இலியோஸ்டமி போல வயிற்றில் நிரந்தரமாக வழி ஏற்படுத்தி, பையோ கட்டோ தொடர்ந்து தேவைப்படுபவர்கள்.

பட்டியலின் கடைசியில் இருப்பது ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல, ஒரு நிலைமை. தொடர்ந்து இருக்கும் உடல் ஊனத்தால், இன்னொருவரின் உதவி இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை. பக்கவாதம் வந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், பார்கின்சன் முற்றியவர்கள் இதன் கீழ் விண்ணப்பிக்கலாம். இது பலர் கண்ணில் படாமல் போகிறது, ஏனென்றால் அவர்கள் தங்கள் வருத்தத்தின் பெயரைத்தான் தேடுகிறார்கள். ஊனம், நீண்டகால வருத்தம் உள்ளவர்களுக்கு அரசு தரும் பிப் கொடுப்பனவு கிடைக்கிறது என்பதால் மட்டும் இது தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கால் முறிந்து நாலு மாதம் படுக்கையில் இருப்பது போன்ற தற்காலிக நிலைமை எண்ணப்படாது.

முட்டு ஏன் இல்லை, பிரசர் ஏன் இல்லை

என் கணவருக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வந்தது. இன்ஹேலர் இல்லாமல் அவர் ஒரு இரவைக் கடக்க முடியாது. எனக்குக் குளிசை இலவசம், அவருக்கு மூச்சு இலவசம் இல்லை. இதை எண்ணிப் பல நாள் கோபப்பட்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் அந்தப் பட்டியலின் வயது. 1948 இல் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தொடங்கியபோது மருந்துக்குக் காசே இல்லை. 1952 இல் துண்டுக்கு ஒரு ஷில்லிங் என்று வந்தது. 1965 இல் அதை எடுத்துவிட்டார்கள். 1968 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அப்போதுதான் இந்த விலக்குப் பட்டியலும் எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் வாழ்நாள் முழுக்க மருந்து எடுத்தே ஆக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த வருத்தங்களை எழுதினார்கள். முட்டுக்குத் தினமும் இழுக்கும் ஸ்டீரோயிட் இன்ஹேலர் 1972 இல்தான் வந்தது. எச்ஐவி என்ற பெயரே அப்போது இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளில் கன பேர் பெரியவர்களாகும்வரை வாழவில்லை. காலம் மாறிவிட்டது, பட்டியலில் புற்றுநோய் மட்டும் ஏறியது. பேராசிரியர் இயன் கில்மோர் அரசுக்காக இதை ஆராய்ந்து, நீண்டகால வருத்தம் உள்ள எல்லாருக்கும் விலக்கு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். 2010 இல் அந்த அறிக்கை வெளியானது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே முட்டு, பிரசர், கொலஸ்ட்ரோல், இருதய வருத்தம், மூட்டு வாதம், லூபஸ், சிறுநீரக வருத்தம், மன அழுத்தம், குடல் அழற்சி, நரம்புகளைப் பாதிக்கும் எம்எஸ் இவற்றுக்கு அட்டை இல்லை. எச்ஐவி மருந்து கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கும், அது வேறு வழி. இந்தப் பந்தியில் உங்கள் வருத்தம் இருந்தால் வாசிப்பதை நிறுத்த வேண்டாம். கீழே உங்களுக்கும் வழி இருக்கிறது.

படிவத்தை எப்படி எடுப்பது

படிவத்தின் பெயர் எஃப்பி 92ஏ. இது பார்மசியில் இருக்காது. ஜீபி சர்ஜரிக்குப் போய் ரிசெப்ஷனில், "மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் ஃபோர்ம், எஃப்பி 92ஏ வேண்டும்" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்வது முக்கியம். நான் முதல் தரம் போனபோது எண்ணைச் சொல்லாமல் கேட்டேன். அது சீனி வருத்தக்காரருக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பார்மசிஸ்ட் எழுதித் தந்த துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் திரும்பப் போய்க் காட்டினேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து படிவத்தைத் தந்தார்கள். அவர்கள் பிழையாகச் சொன்னால் சண்டை வேண்டாம். "என் மருந்து லெவோதைரொக்சின், பட்டியலில் இருக்கிறது, தயவுசெய்து டொக்டரிடம் கேளுங்கள்" என்று ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கள். இங்கிலிஷில் கதைக்கத் தயக்கம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சர்ஜரிதான் ஒழுங்கு செய்ய வேண்டும், உங்களுக்குச் செலவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

படிவத்தில் உங்கள் விபரங்களை நீங்கள் நிரப்ப வேண்டும். டொக்டரோ, சர்ஜரியில் அதற்குப் பொறுப்பானவரோ உங்கள் வருத்தத்தை உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். பிறகு அது நியூகாசிலில் இருக்கும் என்எச்எஸ் பிஸ்னஸ் சேர்விசஸ் அதோரிட்டிக்குப் போகும். யார் அனுப்புவது, நீங்களா சர்ஜரியா என்று அங்கேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒருவர் மற்றவர் அனுப்பிவிட்டார் என்று நினைத்து இரண்டு மாதம் போன கதை எனக்குத் தெரியும்.

எங்கள் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால், சர்ஜரியில் பின்னால், பாங்கில் தலையெழுத்து மட்டும் என்று மூன்று விதமாக இருக்கும். படிவத்தில் சர்ஜரிப் பதிவில் இருப்பது போலவே எழுதுங்கள், எழுத்துக்கு எழுத்து. பார்மசியில் உங்கள் விலக்கைக் கணினியில் தேடும்போது பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் பொருந்தினால்தான் தொல்லை இருக்காது.

அட்டை, உங்கள் படிவம் அங்கே போய்ச் சேர்ந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்து செல்லுபடியாகும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் காசு விஷயம். விண்ணப்பித்துவிட்டு அட்டை கைக்கு வரும்வரை நீங்கள் காசு கட்டித்தான் மருந்து எடுக்க வேண்டும். அப்படிக் கட்டும்போது பார்மசியில் எஃப்பி 57 என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கட்டும் அந்த நேரத்திலேயே கேட்க வேண்டும், பிறகு வந்து கேட்டால் தர முடியாது. சாதாரண கடை ரசீது இதற்கு உதவாது. அட்டை வந்ததும், அது தொடங்கும் திகதிக்குப் பிறகு கட்டிய காசை அந்த ரசீதைக் காட்டித் திரும்ப எடுக்கலாம். கட்டிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். நான் எஃப்பி 57 வாங்கவில்லை. அந்த ஒரு மாதக் காசும் போய்விட்டது.

துண்டின் பின்பக்கம்

இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். துண்டின் பின்னால் சரி போட்டுக் கையெழுத்து வைப்பது, எனக்கு விலக்கு இருக்கிறது என்று நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம். வருத்தம் இருப்பது போதாது, நடப்பில் உள்ள சான்றிதழ் இருக்க வேண்டும். "எனக்கும் சீனிதானே" என்று சொல்லிச் சரி போட்ட ஒரு அன்ரிக்கு, சாப்பாட்டால் மட்டும் கட்டுப்படுத்துகிறவர், வீட்டுக்குக் கடிதம் வந்தது. தண்டம், கட்டாமல் விட்ட தொகையின் ஐந்து மடங்கு, அதிகபட்சம் 100 பவுண். அதோடு மருந்துக் காசும் கட்ட வேண்டும். அவருடைய துண்டில் மூன்று மருந்து. 29.70 கட்டியிருந்தால் முடிந்திருக்கும், 129.70 ஆனது. 28 நாளில் கட்டாவிட்டால் மேலும் 50 பவுண் வரை ஏறும். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர் கவுண்டரில் நின்று அழுதார். களவு செய்த ஆள் மாதிரி எழுதியிருக்கிறார்கள் பிள்ளை என்றார். அவர் களவு செய்யவில்லை, யாரும் விளக்கவில்லை.

கவுண்டரில் நிற்பவர் உங்களுக்காகச் சரி போட வந்தாலும், எந்தப் பெட்டி என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் காசைக் கட்டி எஃப்பி 57 வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொரு இடத்திலும் இதே தண்டம் வருகிறது: பல் வைத்தியம். மெடெக்ஸ் அட்டை மருந்துக்கு மட்டும். பல் வைத்தியரிடம் அதைக் காட்டி விலக்கு என்று கையெழுத்து வைத்தால் அங்கேயும் கடிதம் வரும். கண் பரிசோதனை சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இலவசம்தான், ஆனால் அது சீனியால் வரும் உரிமை, இந்த அட்டையால் அல்ல.

பட்டியலில் இல்லாதவர்களுக்கு

60 வயது ஆகிவிட்டால் எந்த வருத்தமாக இருந்தாலும் இலவசம். 16 வயதுக்குக் கீழ் இலவசம். 16, 17, 18 வயதில் முழுநேரமாகப் படித்தால் இலவசம். கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பிறந்து 12 மாதம் வரையும் இலவசம், ஆனால் அதற்கு மருத்துவச்சியோ டொக்டரோ விண்ணப்பிக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும்.

குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவிப் பணம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இலவசம் என்று ஒரு கதை உலாவுகிறது. அப்படி இல்லை. கடைசியாக முடிந்த கணக்குக் காலத்தில் கையில் வந்த சம்பளம் 435 பவுண் அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். பிள்ளைக்கான பகுதியோ, வேலை செய்ய இயலாமைக்கான நிலையோ அதில் சேர்ந்திருந்தால் 935 வரை. ஒரு மாதம் கூடுதல் ஷிஃப்ட் செய்தால் அடுத்த மாதம் தகுதி போய்விடலாம். ஒவ்வொரு தரமும் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இவை எதிலும் இல்லை, ஆனால் வருமானம் குறைவு என்றால் எச்சி 1 (HC1) என்ற படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருக்கக்கூடாது. கணக்குப் பார்த்து எச்சி 2 (HC2) என்ற சான்றிதழ் தந்தால் மருந்து முழுக்க இலவசம், பல்லும் கண்ணும் கூட. எச்சி 3 (HC3) சான்றிதழ் தந்தால் மற்றவற்றில் ஒரு பகுதி உதவி கிடைக்கும், மருந்துக்குக் கிடைக்காது. இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்று, அதனால் வடிவாகப் பாருங்கள். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்து உள்துறை அமைச்சின் உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கு எச்சி 2 உரிமை உண்டு. இப்படி வந்திருக்கும் தம்பிமார் சிலர் மருந்துக்குக் காசில்லாமல் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இவை எதுவும் பொருந்தாதவர்கள், என் கணவரைப் போல வேலை செய்து சம்பளம் எடுப்பவர்கள், முன்கூட்டியே காசு கட்டும் சான்றிதழ் எடுக்கலாம். பிபிசி என்று சொல்வோம், ரேடியோ இல்லை, பிரிபேமென்ட் சேர்ட்டிபிக்கேட். மூன்று மாதத்துக்கு 32.05 பவுண், ஒரு வருடத்துக்கு 114.50. எத்தனை மருந்து எடுத்தாலும் அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. என் கணவருக்கு இன்ஹேலர், பிரசருக்கு இரண்டு குளிசை, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று என்று மாதம் நாலு மருந்து. தனித்தனியாகக் கட்டினால் மாதம் 39.60, வருடத்துக்கு 475.20. சான்றிதழ் எடுத்ததால் 114.50. மிச்சம் 360 பவுணுக்கு மேல். வருடத்தில் 12 மருந்தோ அதற்கு மேலோ வாங்குகிறவருக்கு வருடச் சான்றிதழ் லாபம். மூன்று மாதத்தில் நாலு மருந்து என்றால் மூன்று மாதச் சான்றிதழே லாபம். வருடக் காசை ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை, பாங்கில் இருந்து பத்துத் தவணையாகப் போகச் செய்யலாம், தவணைக்கு 11.45. இணையத்தில் எடுக்கலாம், சில பார்மசிகளிலும் எடுக்கலாம். தவணை ஒன்று தவறினால் சான்றிதழ் நின்றுவிடக்கூடும், அது தெரியாமல் சரி போட்டால் மறுபடியும் அந்தத் தண்டக் கடிதம். பாங்கை மாற்றும்போது கவனம்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஹோர்மோன் மருந்து எடுக்கும் பெண்களுக்கு 2023 ஏப்ரலில் இருந்து தனிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 19.80 பவுண், ஒரு வருடத்துக்கு. ஜெல்லும் குளிசையும் என்று இரண்டு எழுதினால் ஒரே மாதத்தில் அந்தக் காசு தேறிவிடும். இதைக் கேட்க வெட்கப்பட்டு எங்கள் பெண்கள் கன பேர் முழுக் காசும் கட்டுகிறார்கள். கவுண்டரில் மெதுவாகக் கேளுங்கள், நாங்களும் மெதுவாகச் சொல்வோம்.

அட்டை முடியும் நாள்

மெடெக்ஸ் ஐந்து வருடத்துக்கு. தைரோயிட் ஐந்து வருடத்தில் மாறுவதில்லை, ஆனால் அட்டை முடிந்துவிடும். முடியும் முன் நினைவூட்டிக் கடிதம் வரும், வருவது அவர்களிடம் இருக்கும் விலாசத்துக்கு. வீடு மாறினால் சர்ஜரிக்கும் கவுன்சிலுக்கும் சொல்வது போல நியூகாசிலுக்கும் சொல்ல வேண்டும். பழைய வீட்டுக்குக் கடிதம் போய், முடிந்த அட்டையோடு மாதக்கணக்கில் கையெழுத்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் அட்டையின் திகதியை கைபேசிக் காலண்டரில் இரண்டு மாதம் முன்னதாகவே போட்டு வைத்திருக்கிறேன். 60 வயதானால் வயதாலேயே இலவசம், பிறகு அட்டை தேவைப்படாது.

பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சின்ன வயதில் சீனி வருத்தமோ வலிப்போ வந்த பிள்ளை, படித்துக்கொண்டிருக்கும்வரை வயதால் இலவசமாக எடுத்திருக்கும். பெற்றோருக்கு இந்த அட்டையின் பெயரே தெரியாமல் இருக்கும். 19 ஆவது பிறந்தநாளோடு அந்த இலவசம் நிற்கும். 16 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனால் அதற்கு முன்னமே நின்றுவிடும். பிள்ளை மான்செஸ்டரிலோ லெஸ்டரிலோ பல்கலைக்கழக விடுதியில் இருக்கும், பழக்கத்தில் அதே பெட்டியில் சரி போடும், கடிதம் போகும். சிலர் காசைப் பார்த்துவிட்டு இன்சுலினைச் சிக்கனமாகப் பாவிக்கத் தொடங்குவார்கள், அது உயிரோடு விளையாடுவது. பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே சர்ஜரியில் எஃப்பி 92ஏ கேட்டு, டொக்டரின் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுங்கள். பிள்ளை விடுதிக்குப் பக்கத்துச் சர்ஜரியில் பதிந்திருந்தால் அந்தச் சர்ஜரியில்தான் கேட்க வேண்டும். பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒரு கிழமை கழித்து எடுத்தாயா என்று மறுபடியும் கேளுங்கள்.